ஓ.எல். (சாதாரண தரம்) முடிஞ்சுது: ஏ.எல்.லில (உயர்தரத்தில) ரெக், அதாவது தொழில்நுட்பப் பிரிவு எடுக்கிறதா, நேரா தொழிற்பயிற்சிக்குப் போறதா?

கோண்டாவில்_தாய்: மகனுக்கு வயரிங், மோட்டர் வேலை எண்டால் நல்ல விருப்பம். ஓ.எல்.லில மின், இலத்திரனியல் தொழினுட்பப் பாடந்தான் எடுத்தவர். கணிதமும் விஞ்ஞானமும் பாஸ். ரெக் படிச்சால் பிறகு எஞ்சினியர் ஆகலாம் எண்டு சிலர் சொல்லுகினம், உண்மையோ?

மேசைவிளக்கு: அந்தக் கதையை நம்பி ரெக் எடுக்க விடாதேங்கோ. பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம் வேணும், அது மட்ஸ் பிரிவு. ரெக்கில ஈ.ரி. (பொறியியல் தொழில்நுட்பம்) எடுக்கிறவை போறது தொழில்நுட்பப் பீடத்துக்கு. யாழ் பல்கலைக்கழகத்தின்ரை அந்தப் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கு. பட்டமும் வேற.

ரெக்கைச் சுகமான பிரிவு எண்டும் நினைக்கக் கூடாது. ஈ.ரி.யில கட்டடம், இயந்திரம், மின் மூண்டும் வரும். மின் மட்டும் பிடிச்ச பிள்ளை கட்டடப் பகுதியில வாற அளவைக் கணிப்பில திணறும். எஸ்.எவ்.ரி.யில (தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம்) பௌதிகம், இரசாயனம், உயிரியல், கணிதம், கணினி எல்லாம் கலந்திருக்கும். இந்த ரெண்டையும் தவிர எடுக்கிற மூண்டாவது பாடத்தைச் சேரமுதலே யோசியுங்கோ. கணினியில நாட்டம் இருந்தால் ஐ.சி.ரி. (தகவல், தொடர்பாடல் தொழில்நுட்பம்) நல்லது. பள்ளிக்கூடத்தில கட்டாயம் கேக்க வேண்டியது: ஈ.ரி. படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரோ, செயன்முறைக்கு ஆய்வுகூடம் பாவிக்கினமோ, பூட்டிக் கிடக்குதோ?

சாவகச்சேரி_பொடியன்: கையால வேலை செய்யத்தான் விருப்பம் எண்டால் என்.வி.கியூ. (தேசிய தொழிற்தகைமை) வழி. 4ஆம் மட்டம் முழுத் தொழிலாளி. 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். அதுக்கு இரத்மலானையில தொழில்சார் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (UNIVOTEC) இருக்கு. யாழ்ப்பாணத்தில தொழில்நுட்பக் கல்லூரி, அறிவியல்நகரில ஜேர்மன் பயிற்சி நிறுவகம், ரெண்டு இடமும் நேர போய்ப் பாருங்கோ.

கனபேர் ஏமாறுற இடம் ஒண்டு. நிறுவனம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில (TVEC) பதிவு செய்திருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேர்ற அந்தப் பாடநெறிக்கும் தரச்சான்று இருக்க வேணும். இல்லாட்டி கிடைக்கிறது அவையின்ரை சொந்தச் சான்றிதழ், என்.வி.கியூ. இல்லை. காசு கட்டமுதல், பாடநெறிக்குத் தரச்சான்று இருக்கெண்டு எழுத்தில வாங்குங்கோ.

கோண்டாவில்_தாய்: நன்றி. அவருக்கு எது சரிவரும் எண்டு எப்பிடிப் பாக்கிறது?

மேசைவிளக்கு: அவர் யோசிக்கிற விதத்தைப் பாருங்கோ. இந்தக் கேள்வியைக் குடுங்கோ: ட்ரிப் சுவிட்சைப் போட்டால் விழாமல் நிக்குது, ஒரு பல்பைப் போட்டவுடன விழுது, ஏன்? அநேகமா அந்தப் பல்பின்ரை நியூட்ரலை ட்ரிப் சுவிட்சுக்கு முந்தின நியூட்ரல் பாரில (நியூட்ரல் வயர்களைச் சேர்த்துப் பூட்டுற இடம்) பூட்டியிருப்பினம். லைவ் உள்ளால போகுது, திரும்பி வாறது வெளியால. ட்ரிப் சுவிட்ச் ரெண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லி அம்பியர் வித்தியாசத்துக்கே விழும். 60 வாட் பல்புக்கு 260 மில்லி அம்பியர் ஓடுது, அது முழுதும் வித்தியாசமாத் தெரியும். இந்தக் கணக்கு அவருக்கு ருசியா இருந்தால் ரெக். கணக்கை விட்டிட்டு, எந்த வயர் எண்டு போர்ட்டைத் திறந்து பாக்கத்தான் கை துடிச்சால் என்.வி.கியூ. (போர்ட்டைத் தொடமுதல் மெயின் சுவிட்ச் நிப்பாட்டிக் கிடக்கோணும்.)