டிகிண்டர் விண்டோவில் பின்னணிப் படம் வரவில்லை, எரரும் காட்டவில்லை

கேள்வி

வணக்கம். பைத்தானில் டிகிண்டர் (விண்டோ, பட்டன் எல்லாம் உருவாக்கும் லைப்ரரி) வைத்து வரவு செலவு குறிக்கும் சின்ன மென்பொருள் ஒன்று எழுதுகிறேன். மெயின் விண்டோவுக்குப் பின்னணியாக ஒரு பிஎன்ஜி படம் வர வேண்டும். அந்த வேலைக்குத் தனி ஃபங்ஷன் எழுதி, அதற்குள் ஃபோட்டோஇமேஜ் மூலம் படத்தைத் திறந்து, லேபிளில் (எழுத்தோ படமோ காட்டும் பெட்டி) கொடுத்து, பேக் செய்து விண்டோவில் வைக்கிறேன். ரன் செய்தால் விண்டோ படத்தின் அளவுக்கே திறக்கிறது, ஆனால் உள்ளே வெறும் சாம்பல் நிறம். அதே வரிகளை ஃபங்ஷனுக்கு வெளியே எழுதினால் படம் வருகிறது! இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன். யாராவது உதவுங்கள்.

பதில் 1

ஃபைல் ஜேபெக்காக இருக்குமோ? டிகிண்டருக்கு அடியில் இயங்கும் டிகே 8.6 பிஎன்ஜி, ஜிஃப் இரண்டையும் நேரடியாகத் திறக்கும். ஜேபெக் என்றால் படங்களைக் கையாளும் பில்லோ லைப்ரரி வேண்டும்.

பதில் 2

ஃபைல் பிரச்சினையாக இருந்தால் எரர் வந்திருக்கும். விண்டோ படத்தின் அளவுக்குத் திறக்கிறது என்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. படம் சரியாகத் திறந்து, அப்புறம் அழிந்திருக்கிறது.

ஃபங்ஷனுக்குள் இருக்கும் வேரியபிள் ஃபங்ஷன் முடிந்ததும் போய்விடும். அந்தப் படத்தை வேறு யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை என்றால் பைத்தான் அதை நீக்கிவிடும். லேபிளிடம் இருப்பது படத்தின் பெயர் மட்டும்தான், படத்தை அது பிடித்து வைப்பதில்லை. அதனால்தான் இடம் அப்படியே இருக்க, படம் மட்டும் காணாமல் போகிறது. லேபிள் உருவாக்கிய வரிக்கு அடுத்து லேபிள்.இமேஜ் = படம் என்று ஒரு வரி சேருங்கள். கிளாஸ் வைத்து எழுதுகிறீர்கள் என்றால் செல்ஃப்.படம் என்று வைத்தாலும் போதும்.

கேட்டவர்

வந்துவிட்டது, மிக்க நன்றி! ஆனால் பட்டன்கள் எல்லாம் படத்துக்குக் கீழே போய்விட்டன. பெயர்கள் எழுதிய லேபிள்களும் சாம்பல் பெட்டிகளாகத் தெரிகின்றன. விண்டோவைப் பெரிதாக்கினால் படம் கூடவே விரியவும் இல்லை.

பதில் 2

பேக் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கும். படத்தை மட்டும் பிளேஸ் முறையில், ரெல்விட்த் 1, ரெல்ஹைட் 1 (விண்டோவின் முழு அகலம், முழு உயரம்) என்று கொடுத்து, மற்றவற்றை அதன்பின் உருவாக்கினால் அவை படத்தின் மேல் வரும்.

ஆனால் சாம்பல் பெட்டி அதனாலும் போகாது. பின்னால் இருப்பதை ஊடாகக் காட்டும் வசதி டிகிண்டர் லேபிளுக்கு இல்லை. ஆகவே உங்கள் தேவைக்கு கேன்வாஸ்தான் (படம், எழுத்து எல்லாம் வரையும் பரப்பு) சரி என்பேன். கேன்வாஸ் விண்டோ முழுக்க நிரம்ப ஃபில் போத், எக்ஸ்பேண்ட் ட்ரூ என்று பேக் செய்து, கிரியேட் இமேஜ் மூலம் படத்தையும், கிரியேட் டெக்ஸ்ட் மூலம் எழுத்துகளையும், கிரியேட் விண்டோ மூலம் பட்டன்களையும் வையுங்கள். இதில் எழுத்துக்குப் பின்னால் பெட்டி வராது. படத்துக்கு ஆங்கர் என்டபிள்யூ (இடது மேல் மூலையை வைத்துப் பொருத்துவது) கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் படத்தின் நடுப்புள்ளி விண்டோவின் மூலையில் உட்கார்ந்து, கால்வாசிப் படம்தான் தெரியும்.

விரிவதற்கு பில்லோ தேவை. கேன்வாஸின் கான்ஃபிகர் ஈவென்ட்டை (அளவு மாறும்போது வரும் அறிவிப்பு) பிடித்து, அது தரும் அகலம் உயரத்துக்குப் படத்தை ரீசைஸ் செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் மூலப் படத்திலிருந்தே செய்ய வேண்டும். சுருக்கியதையே மறுபடி விரித்தால் படம் மங்கிக்கொண்டே போகும். விண்டோவை இழுக்கும்போது இந்த ஈவென்ட் தொடர்ந்து வரும் என்பதால், ஆஃப்டர் வைத்து ரீசைஸை 100 மில்லிசெகண்ட் தள்ளிப்போடுங்கள். அதற்குள் புது ஈவென்ட் வந்தால் பழையதை ஆஃப்டர் கேன்சல் செய்துவிடலாம்.

பதில் 3

இன்னொன்று. ஈவென்ட்டை ரூட் விண்டோவில் (மெயின் விண்டோ) பைண்ட் செய்தால், அதாவது இணைத்தால், உள்ளே இருக்கும் பட்டன்களின் கான்ஃபிகர் ஈவென்ட்டும் அங்கே வந்து சேரும். பட்டனின் அளவுக்குப் படம் சுருங்கிப்போய் எனக்கு ஒரு நாள் முழுக்க வீணானது. கேன்வாஸிலேயே பைண்ட் செய்யுங்கள்.

கேட்டவர்

கேன்வாஸுக்கு மாற்றிவிட்டேன். எழுத்துகள் படத்தின் மேல் அழகாக நிற்கின்றன. விண்டோவை இழுத்ததும் படம் மறுபடி மறைந்தது. பார்த்தால் அதே காரணம்: ரீசைஸ் செய்த புதுப் படத்தை நான் எங்கேயும் பிடித்து வைக்கவில்லை. கேன்வாஸ்.இமேஜ் என்று வைத்ததும் சரியாகிவிட்டது. மூன்று பதில்களுக்கும் நன்றி.