காச்சில் கிழங்கு சமைக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலிருந்து மார்த்தாண்டத்துக்குக் குடிவந்து 2 மாதம் ஆகிறது. இங்கே சந்தைக்குப் போனால் பாதிக் காய்க்குப் பெயர் தெரியவில்லை. நேற்று சிறுகிழங்கு ஒரு கிலோவும், காச்சில் என்று ஒரு பெரிய கிழங்கும் வாங்கினேன். மண் ஒட்டிய கறுத்த தோல், அதில் முடிமுடியாக வேர். விற்ற அம்மா ஒரு துண்டு கீறிக் காட்டினார்கள். உள்ளே நாவல்பழச் சாறு தோய்ந்த மாதிரி ஊதா! பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. “மக்களே, கையில எண்ணெ தேச்சிட்டு வெட்டணும், இல்லன்னா சொறியும்” என்றார்கள். கூட்டம் நெருக்கியதால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

குமரி மாவட்டத்துக்காரர்கள், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். காச்சிலை வெறுமனே வேகவைத்துக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியோடு (துவையல்) சாப்பிடுவதா, தேங்காய் அரைத்துப் புழுக்கு வைப்பதா? வேகும் தண்ணீரைக் கொட்ட வேண்டுமா? வீட்டில் 4 வயதுக் குழந்தை இருக்கிறாள், நாக்கு அரிக்கக் கூடாது, அதுதான் பெரிய கவலை.

அப்புறம் சிறுகிழங்கு. சாக்கில் போட்டுத் தரையில் அடித்தால் தோல் கழன்றுவிடும் என்கிறார்கள். ஊறவைத்து அடிப்பதா, அப்படியேவா? வெட்டிய காச்சில் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. ஞாயிறு மதியத்துக்குச் சமைக்க நினைக்கிறேன்.