காயத்தோடு களமிறங்கிய வீரருக்கு யார் பொறுப்பு?

கேள்வி: சாட்ஸ்வொர்த்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கிளப்பில் மூன்று பருவங்கள் ஆடியவன். எட்டு மாதங்களுக்கு முன் பயிற்சியின்போது அவனுடைய வலது கணுக்கால் ஜவ்வு பாதி கிழிந்தது. ஆறு வாரம் ஓய்வு வேண்டும் என்று ஸ்கேன் பார்த்த மருத்துவர் எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரமே, தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்கவேண்டிய ஆட்டம் ஒன்று வந்தபோது, மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். இரண்டாம் பாதியில் ஜவ்வு முழுவதும் அறுந்துவிட்டது. ஆடியே தீரவேண்டும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. முடிவு உன்னுடையதே என்று சொன்ன பயிற்சியாளர், அவனுடைய ஒப்பந்தம் ஜூன் 30-ஆம் தேதியோடு முடிகிறது என்பதையும் அதே மூச்சில் நினைவூட்டினார். ஊசிக்கு முன் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கையெழுத்துப் போட்டவன் நீதானே என்று என் அக்காளே அவனைக் கடிந்துகொள்கிறாள். உண்மையில் இதற்கு யார் பொறுப்பு?

பதில் 1: ஓய்வுபெற்ற பிசியோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

ஐயா, முதலில் அந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வலி என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை. அதை மரத்துப்போகச் செய்வதால் கிழிந்த ஜவ்வு ஒரு இழைகூடக் கூடிவிடுவதில்லை, கால் தாங்காத பளுவை அதன் மேல் ஏற்றுகிறோம் என்பது மட்டும் ஆடுபவருக்குத் தெரியாமல் போகிறது. ஊசி போட்டவருக்கு இது தெரியாதிருக்க வழியில்லை. ஆகவே என் கணக்கில் பொறுப்பு அவரிடமிருந்தே தொடங்குகிறது.

ஆனால் அவருடைய நிலையையும் பார்க்கவேண்டும். நோயாளி வீரர், சம்பளம் கொடுப்பது கிளப். 2015 ஆகஸ்டில் இங்கிலாந்தின் செல்சி கால்பந்து அணியின் மருத்துவர் ஈவா கார்னீரோ, நடுவர் சைகை காட்டியதால் களத்துக்குள் ஓடி எடன் ஹசார்டைக் கவனித்தார். சிகிச்சை பெற்றவர் வெளியேறியாக வேண்டும் என்ற விதியால், ஏற்கெனவே பத்துப் பேராகியிருந்த அணி சிறிது நேரம் ஒன்பது பேரோடு ஆடியது. மேலாளர் மொரீனியோ மருத்துவக் குழுவை வெளிப்படையாகவே சாடினார், அடுத்த மாதம் கார்னீரோ கிளப்பை விட்டு விலகினார். 2016-இல் சமரசம் ஏற்பட்டு கிளப் மன்னிப்புக் கேட்டது உண்மைதான். ஆனால் அதைத் தொலைக்காட்சியில் பார்த்த மற்ற அணி மருத்துவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நானும் ஓர் அணியில் பணிபுரிந்த காலத்தில், வேண்டாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் இரண்டு முறை மௌனமாக இருந்திருக்கிறேன்.

பதில் 2: வடக்கு ஸ்டாண்ட், டர்பன்

நான் உடன்படவில்லை. வளர்ந்த மனிதர் தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுத்தால் பழியை ஊரெல்லாம் பங்கு போடுவது நியாயமா? 2009 ஜனவரியில் சிட்னி கிரிக்கெட் டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித், ஆஸ்திரேலியாவின் மிட்செல் ஜான்சனின் பந்தில் உடைந்த கையோடு கடைசி ஆட்டக்காரராக இறங்கி, பத்துப் பந்துகளே மீதமிருந்தபோது ஆட்டமிழந்தார். தொடரை ஏற்கெனவே வென்றாகிவிட்டது. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. இன்றும் அதைப் பெருமையாகவே பேசுகிறோம்.

பதில் 3: தொழிலாளர் சட்டம் படித்தவள்

வடக்கு ஸ்டாண்ட் அண்ணா, உங்கள் எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராக நிற்கிறது. ஸ்மித் அணித்தலைவர், அன்று அவர் உடைமாற்றும் அறையிலேயே இருந்திருந்தாலும் அடுத்த தொடரில் அவருடைய இடத்தை யாரும் பறித்திருக்கமாட்டார்கள். இந்தப் பையனுக்கோ ஜூன் 30 காத்திருந்தது. நம் தென்னாப்பிரிக்கச் சட்டம் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது: ஒருவர் ஆபத்துக்கு இசைந்தார் என்று சொல்ல, அவர் அந்த ஆபத்தை அறிந்திருக்கவேண்டும், அதன் முழு அளவை உணர்ந்திருக்கவேண்டும், அதன்பின் தாமாக இசைந்திருக்கவேண்டும். ஆறு வார ஓய்வு எழுதப்பட்டிருக்க மூன்றாம் வாரத்தில் வாங்கிய கையெழுத்தில் இம்மூன்றும் இருந்தனவா என்று கிளப்தான் விளக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1993-ஆம் ஆண்டின் தொழில்சார் காயங்களுக்கும் நோய்களுக்குமான இழப்பீட்டுச் சட்டப்படி, பணியில் காயமுற்ற ஊழியர் முதலாளிமீது நட்டஈட்டு வழக்குத் தொடர முடியாது. அதற்கு ஈடாக, யார் தவறு என்று நிரூபிக்காமலேயே இழப்பீட்டு நிதியத்தில் கோரலாம். முதலாளியின் கவனக்குறைவைக் காட்டினால் கூடுதல் தொகை கேட்கவும் அச்சட்டத்தின் 56-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அந்த உரிமையை எந்தத் தாளில் கையெழுத்திட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் கோருவதற்குக் காலவரம்பு உண்டு. எட்டு மாதங்கள் கழிந்துவிட்டன என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது. ஊசி போட்ட மருத்துவர் கிளப்பின் ஊழியராக இல்லாமல் வெளியாளாக இருந்தால் அவர்மீது தனியே வழக்குத் தொடரலாம், அதற்குப் பொதுவாக மூன்று ஆண்டுகள் உண்டு.

பதில் 4: ஓய்வுபெற்ற பிசியோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தங்கை சொன்னது சரி. ரக்பியிலும் இதையே பார்த்தோம். 2016 டிசம்பரில் இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன் கிளப் வீரர் ஜார்ஜ் நார்த் தலையில் அடிபட்டு விழுந்து, மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டார். அவர் திரும்பியிருக்கக்கூடாது என்று விசாரணைக் குழு சொன்னது, ஆனால் கிளப்புக்குத் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. தவறு நடந்தது என்று ஒப்புக்கொண்டு எவரையும் பொறுப்பாக்காமல் விட்டால், அடுத்த சனிக்கிழமையும் அதே ஊசிதான்.

சாட்ஸ்வொர்த்வாசி (மீண்டும்)

மிக்க நன்றி. இன்று காலை அவனிடம் கேட்டேன்: விபத்தைக் கிளப் இழப்பீட்டு நிதியத்துக்கு அறிவித்ததா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. கையெழுத்திட்ட தாளின் பிரதியும் அவனிடம் இல்லை. மருத்துவக் குறிப்புகளின் பிரதியைக் கேட்டுத் திங்கட்கிழமை எழுத்தில் கடிதம் கொடுக்கிறோம். என் அக்காளுக்கும் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். அவள் அவனைத் திட்டுவதை நிறுத்திவிட்டுப் பயிற்சியாளரைத் திட்டத் தொடங்கியிருக்கிறாள்.