டான்டே ரிடன்டன்ட் இணைப்பு: பிளேஅவுட் கணினிக்கு என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. எங்கள் எஃப்எம் ஸ்டுடியோ மிக்ஸரில் டான்டே (நெட்வொர்க் கேபிள் வழியாக ஆடியோ அனுப்பும் முறை) பிரைமரி, செகண்டரி போர்ட்களைத் தொடர்பில்லாத இரண்டு நெட்வொர்க் ஸ்விட்ச்களில் இணைத்து, ரிடன்டன்ட் மோடில் (ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும்படி) வைத்திருக்கிறோம். (இரு போர்ட்டும் ஒரே நெட்வொர்க்காக இயங்கும் ஸ்விட்ச்டு மோடில் இரண்டையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடாதீர்கள், லூப் ஆகிவிடும்.) ஒரே ஆடியோ இரு பாதையிலும் எப்போதும் ஓடுவதால், பிரைமரி கேபிளை உருவினாலும் மைக் ஒலி துளிகூட அறுபடவில்லை. அருமை!

சிக்கல் பிளேஅவுட் கணினியில்தான். அதிலுள்ள டான்டே வர்ச்சுவல் சவுண்ட்கார்டு என்ற மென்பொருளுக்கு பிரைமரி இணைப்பு மட்டும்தான். அந்த ஸ்விட்ச் போனால் பாட்டும் விளம்பரமும் நின்றுவிடும். கணினிக்குள் பொருத்தும், இரண்டு போர்ட் உள்ள டான்டே பிசிஐஇ கார்டு வாங்குவதா, இல்லை யுஎஸ்பி சவுண்ட்கார்டிலிருந்து மிக்ஸரின் அனலாக் இன்புட்டுக்கு பேக்கப் கொடுத்து, மௌனம் வந்தால் தானாக மாறும்படி வைப்பதா? 24 மணி நேர ஒலிபரப்பில் அனுபவமுள்ளவர்கள் எது நம்பகமானது என்று சொல்லுங்கள், ப்ளீஸ்.