குப்பைமேட்டு தண்ணில செடி வச்சு கரண்ட் எடுக்கலாமா?

லைங்தாயா_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு மியான்மர் யாங்கோன்ல தெய்ன்பின் குப்பைமேட்டுக்கு கொஞ்சம் தள்ளி, அதான் 2018ல வாரக்கணக்கா எரிஞ்சுதே, அது. மழை புடிச்சா மேட்டுலேர்ந்து டிகாஷன் மாதிரி ஒரு தண்ணி வடியும், நாத்தம் குடல புடுங்கும். அதுல கல்வாழை, சம்பு எல்லாம் நட்டு, சேத்துல இருக்குற பாக்டீரியாவ வச்சே தண்ணியும் சுத்தம் பண்ணி கரண்டும் எடுக்கலாம்னு ஒரு வீடியோல பாத்தேன். யாங்கோன்ல கரண்ட் வர்ற லட்சணம் உங்களுக்கே தெரியும். ஒரு ஃபேன் ஓடுற அளவுக்காவது வருமா? காலேஜ் ப்ராஜெக்டா பண்ணலாம்னு இருக்கேன்.

தாமுவே_மாமா:
ஃபேன எல்லாம் மறந்துடு தம்பி. கொசு நல்லா வரும்.

கெமிஸ்ட்ரி_அக்கா:
மாமா சொல்றது கரண்ட் விஷயத்துல சரிதான், ஆனா வீடியோ பொய்யில்ல. காத்து போகாத அடிச்சேத்துல ஜியோபாக்டர் மாதிரி சில பாக்டீரியா அழுக்க தின்னுட்டு எலக்ட்ரான வெளிய தள்ளும், அங்க ஒரு கார்பன் துண்ட பொதச்சு வச்சா அது வாங்கிக்கும், அது ஒயர் வழியா ஏறி தண்ணி மட்டத்துல இருக்குற இன்னொரு கார்பனுக்கு போய் ஆக்சிஜனோட சேரும், அவ்வளவுதான் கதை. 1911லயே பாட்டர்னு ஒரு இங்கிலாந்துக்காரர் கிருமிலேர்ந்து கரண்ட் வருதுன்னு காட்டிட்டார். செடி வேர் பாக்டீரியாவுக்கு தீனியும் கசியவிடும், கொஞ்சம் ஆக்சிஜனும் விடும், அதனால வேர் மேல் கார்பன் பக்கம் இருந்தா நல்லது, அடி கார்பன்ல பட்டா வோல்ட் எறங்கிடும்.

இப்ப கணக்கு. சதுர மீட்டருக்கு 100 மில்லிவாட்னு தாராளமாவே வச்சுக்க, 40 வாட் ஃபேனுக்கு 400 சதுர மீட்டர் குளம் வேணும். நம்ம யாங்கோன் ஷ்வேபிதால குப்பைய எரிச்சே கரண்ட் எடுக்க 2017ல ஒரு ப்ளாண்ட் தொறந்தாங்க, அதோட இது போட்டி போடவே முடியாது. இதோட லாபம் வேற எடத்துல இருக்கு. சாதாரணமா கழிவுத்தண்ணிய சுத்தம் பண்ண ப்ளோயர் வச்சு காத்து ஊதணும், கரண்ட் பில்லுல பெரிய பங்கு அதுக்கே போயிடும். இங்க ஊதுற வேல மிச்சம். எனக்கு அதுதான் பெரிய விஷயமா படுது.

தலவலி என்னன்னா குப்பைத்தண்ணில இருக்குற அமோனியா. குப்பைத்தண்ணிய அப்படியே ஊத்துனா செடி கருகிடும், கலந்துதான் விடணும். பழைய மேட்டுத் தண்ணின்னா பாக்டீரியா சுலபமா திங்கிற சரக்கும் கம்மி. நம்மூர் மழை வேற, வருசத்துக்கு 2700 மில்லிமீட்டர் கிட்ட, அதுல முக்காவாசிக்கு மேல மே டு அக்டோபர்ல கொட்டிடும், அப்ப தண்ணி நீர்த்து வழியும், கோடைல கெட்டியாயிடும். முன்னாடி ஒரு தேக்கத்தொட்டி இல்லாம நடக்காது.

லைங்தாயா_தம்பி:
அக்கா ரொம்ப நன்றி. ஆத்துல கெடக்குற ஆகாயத்தாமரைய போடலாமா? சும்மா கிடைக்குதே.

கெமிஸ்ட்ரி_அக்கா:
அது மெதக்குற செடி, வேர் சேத்துக்கே போகாது. ஈயம் காட்மியம் எல்லாம் இழுத்து வச்சுக்கும், அப்புறம் அத பன்னிக்கும் போட முடியாது உரத்துக்கும் போட முடியாது. கல்வாழையே போதும். ரெண்டு வாளி எடு, ஒரே சேறு, ஒரே செடி, ஒண்ணுல மட்டும் ஒயர இணை, அப்பதான் வித்தியாசம் தெரியும். குப்பைத்தண்ணிய இப்ப தொடாத, முதல்ல அரிசி களஞ்ச தண்ணில பழகு. பின்னாடி சார் கூட இருக்கும்போது கையுறை போட்டு குப்பைத்தண்ணிய கலந்து விடு, மீன் தொட்டிக்கு விக்கிற அமோனியா டெஸ்ட் கிட்டால ரெண்டு வாளியும் பாரு. சும்மா மீட்டர வச்சு வோல்ட் பாத்துட்டு சந்தோசப்படாத, நடுவுல 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டு அள. அதுல 0.5 வோல்ட் நின்னா கால் மில்லிவாட், அத ரிப்போர்ட்ல எழுது.

தாமுவே_மாமா:
கார்பனுக்கு காசு செலவு பண்ணாத. பழைய டார்ச் பேட்டரி, அந்த சாதா கருப்பு மாவு பேட்டரி, அதுக்குள்ள ஒரு கரிக்குச்சி இருக்கும். கவனமா பிரிச்சு நல்லா கழுவிட்டு போடு. ஆல்கலைன்ல அது இருக்காது.