கல்லூரியில் மின்சிக்கனத்துக்கு 3 லட்சம்: சோலாரா, ஃபேனா, வேறு எதுவுமா?

தேரிக்காட்டு_டீச்சர்:

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு பெண்கள் கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். போன ஸ்டாஃப் மீட்டிங்கில் கடைசி வரிசையில் உட்கார்ந்து இன்டர்னல் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் நான் எரிசக்தி சேமிப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். குழுவில் வேறு யார் என்று கேட்டேன். "நீங்க போட்டுக்கோங்க மேடம்" என்றார்கள்.

3 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள், மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டும். அடுத்த வருஷம் நாக் (கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு தருகிற தேசிய அமைப்பு) குழு வருகிறது. அவர்கள் மதிப்பீட்டில் மாற்று எரிசக்தி, மின்சிக்கனம் எல்லாம் வருவதால் நுழைவாயிலில் நின்றாலே கண்ணில் படுகிற மாதிரி சோலார் பேனல் வேண்டும் என்கிறார் முதல்வர். செயலர் எங்கோ ஒரு ஐ.டி. கம்பெனியைப் பார்த்துவிட்டு வந்து எல்லா வகுப்பறைக்கும் சென்சார் லைட் கேட்கிறார். நான் வீட்டில் பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத மோட்டார், கரண்ட் கம்மியாக இழுக்கும்) மாட்டி, பில் குறைந்ததைப் பார்த்தவள். அதனால் வகுப்பறை ஃபேன்களை மாற்றலாம் என்று தோன்றுகிறது.

மாணவிகள் 1,800 பேர், விடுதியில் 420 பேர். ஹாஸ்டல் அறைகளில் மட்டும் சுமார் 160 ஃபேன், எல்லாம் பழசு. ஹெச்.டி. (உயரழுத்த) கனெக்‌ஷன். இந்தப் பணத்தை எதில் போட்டால் உருப்படியாக இருக்கும்? கல்லூரி நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள்_மெஸ்செக்ரட்டரி:

மேடம், சென்சார் மட்டும் வேண்டாம், காலில் விழுகிறேன். எங்கள் காலேஜில் புது பிளாக் முழுக்க அதுதான். அசைவு இருந்தால்தான் லைட் எரியும். செமஸ்டர் எக்ஸாம் அன்று அறுபது பேரும் குனிந்து எழுதுகிறோம், ஒருத்தரும் அசையவில்லை, பத்து நிமிஷத்தில் ஹால் இருட்டு. சூப்பர்வைசர் எழுந்து கையை ஆட்டினால் லைட் வரும். மூன்று மணி நேரமும் ஐயனார் கோயில் சாமியாடி மாதிரி கையை ஆட்டிக்கொண்டே இருந்தார் மனுஷன். அடுத்த செமஸ்டரில் எலக்ட்ரீஷியன் எல்லா சென்சார் மேலேயும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டார். பாத்ரூமுக்கும் மாடிப்படிக்கும் அது சரி. வகுப்புக்கு ஆகாது.

கிளாம்ப்மீட்டர்:

மேடம், ஒரு பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் 31 வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் தொடாதீர்கள். முதலில் பன்னிரண்டு மாத ஈ.பி. பில்லைக் கையில் வாங்குங்கள். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் கட்டிவிட்டு ஃபைலில் போட்டிருப்பார்கள், இரண்டாவது பக்கத்தை ஒருத்தரும் படித்திருக்கமாட்டார்கள். அதில் இரண்டு எண் பாருங்கள். ஒன்று, நீங்கள் வாங்கி வைத்திருக்கிற டிமாண்ட், அதாவது ஒரே நேரத்தில் இவ்வளவுவரை இழுப்போம் என்று ஈ.பி.யிடம் எழுதிக்கொடுத்த அளவு, எத்தனை கே.வி.ஏ. (கிலோவாட் மாதிரி ஒரு அளவு) என்பது. இன்னொன்று, அந்த மாதம் மீட்டரில் பதிவான அதிகபட்ச டிமாண்ட். நம் ஊரில் ஹெச்.டி. இணைப்புக்கு, வாங்கியதில் 90 சதவீதம் அல்லது பதிவானது, இதில் எது அதிகமோ அதற்குக் காசு. 250 வாங்கி வைத்துவிட்டு 150 தான் ஓடுகிறது என்றால், மாதாமாதம் 225க்கு அழுதுகொண்டிருப்பீர்கள். ஒரு கே.வி.ஏ.வுக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல். லைட்டை அணைத்தாலும் ஃபேனை மாற்றினாலும் பில்லில் இந்தத் தொகை ஒரு பைசா குறையாது. குறைப்பதற்கு ஒரு விண்ணப்பம் போதும். ஆனால் ஆசைப்பட்டு ஒட்ட வெட்டிவிடாதீர்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல்காரன் வாடகை ஏ.சி. கொண்டுவந்து மாட்டுவான். ஒரு நாள் தாண்டினாலும் அபராதம் உண்டு. குறைத்ததைத் திரும்பக் கேட்டால் மறுபடி பணம் கட்டச் சொல்வார்கள். அதனால் வருஷத்தில் அதிகமாக ஓடிய மாதத்தை எடுத்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கள்.

அதே பில்லில் பவர் ஃபேக்டரையும் பாருங்கள், இழுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு உருப்படியான வேலைக்குப் போகிறது என்கிற விகிதம் அது. 0.9க்குக் கீழே இருந்தால் அதைச் சரிக்கட்டுகிற கெப்பாசிட்டர் பேனலில் பாதி செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். கதவைத் திறந்தால் வயிறு உப்பினது எது என்று உங்களுக்கே தெரியும், தொடவேண்டாம்.

அடுத்தது, ராத்திரி ரவுண்ட். சர்வீஸில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இதுதான் என்று வீட்டில் சொல்வேன். ஒரு மே மாதம், ஹாஸ்டல் காலி, காலேஜ் லீவு, ஞாயிறு ராத்திரி 2 மணிக்கு மெயின் மீட்டரைப் பார்த்தேன். 31 கிலோவாட் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத வளாகத்தில் யாருக்கு 31 கிலோவாட்? தெருவிளக்குக்கு ஆறேழு போனாலும் மிச்சம்?

வாட்ச்மேனையும் டார்ச்சையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு பிளாக் பேனலிலும் கிளாம்ப் மீட்டரை (ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கிற கருவி) கவ்வவைத்து நோட்டில் எழுதினேன். கம்ப்யூட்டர் லேபில் அறுபது மெஷின், மானிட்டர் மட்டும் அணைந்திருக்கிறது, சி.பி.யு. எல்லாம் கொர்ரென்று ஓடுகிறது. மூன்றரை கிலோவாட். பூட்டிக் கிடந்த பிளாக்குகளில் ஒன்பது வாட்டர் கூலர், குடிக்க ஆளில்லாமல் தண்ணீரைக் குளிரவைத்துக்கொண்டிருந்தன. பெண்கள் விடுதி லைனில் மட்டும் ஆறரை கிலோவாட் காட்டியது. அந்தக் கட்டடத்தில் ஒரு பல்புகூட எரியவில்லை.

அரை மணி நேரம் புரியவில்லை. வாட்ச்மேன்தான் சொன்னார்: "சார், ஊரே காஞ்சு கெடக்கு. ஹாஸ்டல் பின்னாடி அந்த வாழை மட்டும் எப்பிடி இவ்ளோ பச்சையா நிக்குது?" டார்ச் அடித்துப் பார்த்தால், மேல்தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் நேராக வாழைக் கூட்டத்துக்குள் இறங்குகிறது. கட்டைவிரல் கனத்துக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் ஊற்றிக்கொண்டே இருக்கிறது. தொட்டியில் மிதவை ஸ்விட்ச் சிக்கிக்கொண்டதால், தண்ணீர் நிறைந்தது தெரியாமல் ஏழரை ஹெச்.பி. போர் மோட்டார் இரவும் பகலும் ஓடியிருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியாது. வாழை குலை தள்ளியிருந்தது, அதை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மிதவை ஸ்விட்ச் விலை அன்றைக்கு 400 ரூபாயோ என்னவோ.

கூலருக்கு டைமர், லேபுக்குச் சாயங்காலம் மெயினை இறக்க ஒரு ஆள், இந்த மிதவை, மூன்றும் சேர்த்து 12 கிலோவாட் போயிற்று. ஆளில்லாத லீவு நாளில் 288 யூனிட்.

இனி உங்கள் கேள்வி. ஃபேன் நல்ல யோசனைதான், ஆனால் வகுப்பறையில் வேண்டாம், ஹாஸ்டலில் போடுங்கள். கணக்கு இதுதான். பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. 28 வாட், மிச்சம் 47 வாட். வகுப்பறையில் நாளைக்கு 6 மணி நேரம், வருஷம் 200 நாள், 1,200 மணி நேரம். ஒரு ஃபேனுக்கு 56 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வையுங்கள், 450 ரூபாய். ஃபேன் 3,000 ரூபாய் என்றால் போட்ட காசு திரும்ப ஆறேழு வருஷம். ஹாஸ்டலில் நாளைக்கு 15 மணி நேரம், 300 நாள், 4,500 மணி நேரம். 211 யூனிட், 1,690 ரூபாய். இரண்டு வருஷம்கூட ஆகாது. ஃபேன் ஒன்றுதான், மாட்டுகிற இடம்தான் வேறு.

உங்கள் 3 லட்சத்துக்கு 100 ஃபேன் வரும், வருஷம் 21,000 யூனிட் மிச்சம். அதே 3 லட்சத்துக்கு சோலார் போட்டால் 5 கிலோவாட் வரலாம். நம் வெயிலுக்குக் கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட், வருஷம் 7,300 யூனிட். மூன்றில் ஒரு பங்கு. முதல்வரிடம் இந்த இரண்டு எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

ரிமோட் மாடல் மட்டும் வாங்காதீர்கள். ஒரே அறையில் மூன்று ஃபேன், ஒரு ரிமோட்டை அமுக்கினால் மூன்றும் ஆடும். ஒரு மாதத்தில் ரிமோட் காணாமல் போகும். சுவர் ரெகுலேட்டரில் ஓடுகிற பி.எல்.டி.சி. மாடல் என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்கவேண்டும். ஜெனரேட்டர் மாறும்போது வருகிற ஏற்றஇறக்கத்தில் உள்ளே இருக்கிற போர்டு போகும். வாரண்டி எத்தனை வருஷம், யார் வந்து மாற்றுவார்கள் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

கூரைமேல்_வெயில்:

சோலார் மாட்டுவதுதான் என் தொழில். அண்ணாச்சி சொன்ன கணக்கை மறுக்கமாட்டேன், ஆனால் சோலாரை ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். உங்கள் பணத்தைப் போடாமலே செய்யலாம். ரெஸ்கோ என்று ஒரு முறை உண்டு. கம்பெனி தன் செலவில் மொட்டைமாடியில் பேனல் போடும், நீங்கள் ஓடிய யூனிட்டுக்கு மட்டும் பேசின விலையில் பணம் கட்டுவீர்கள், ஒப்பந்தம் 20, 25 வருஷத்துக்குப் போகும். சின்ன இடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தண்ணீர்த்தொட்டி நிழல் விழுகிற இடத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு விஷயத்தை நிர்வாகத்திடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு இணைக்கிற சோலார் என்றால், கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துகொள்ளும். திறப்பு விழா அன்றைக்குப் பவர்கட் ஆகி, "மாடி முழுக்க பேனல் இருக்கே, ஏன் லைட் எரியலை?" என்று ஒரு தாளாளர் எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டார்.

சிராங்கூன்_வாசி:

நான் சிங்கப்பூரில் கட்டட வேலைப் பக்கம் இருக்கிறேன். ஃபேனைப் பழைய சாமான் என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே தேசியப் பல்கலைக்கழகத்தில் எஸ்.டி.இ. 4 என்று ஆறு மாடிக் கட்டடம் ஒன்று 2019 ஜனவரியில் திறந்தார்கள். தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரிக்கிற கட்டடம். கூரையில் 1,200க்கு மேல் பேனல். எல்லாரும் அந்தக் கூரையைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். நான் உள்ளே போனபோது பார்த்தது சீலிங் ஃபேனை. ஏ.சி. காற்றை வழக்கமான அளவுக்குக் குளிரவைக்காமல் விட்டு, மேலே ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டிருக்கிறார்கள். உடம்புக்குக் குளிர்ச்சி, கம்ப்ரஸருக்கு ஓய்வு. உள்ளூர்க்காரர்கள் ஆபீஸுக்கு ஸ்வெட்டர் கொண்டுபோகிற ஊரில் இது பெரிய விஷயம்.

உங்கள் செமினார் ஹாலிலும் முதல்வர் அறையிலும் இதைச் செய்யலாம். ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் 6 சதவீதம்வரை மிச்சம் என்று இந்தியாவின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது. 26 வைத்து ஃபேனைப் போடுங்கள்.

தேரிக்காட்டு_டீச்சர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அண்ணாச்சி சொன்ன வரிசையிலேயே போனேன்.

பில்: வாங்கியது 250, போன பன்னிரண்டு மாதத்தில் அதிகபட்சமாகப் பதிவானது 148. நீங்கள் சும்மா உதாரணத்துக்குச் சொன்ன எண் கிட்டத்தட்ட அப்படியே இருந்ததைப் பார்த்து எனக்கு வேர்த்துவிட்டது. ஆடிட்டோரியம் கட்டும்போது முழுக்க ஏ.சி. வரும் என்று வாங்கியதாம். ஏ.சி. வரவேயில்லை, டிமாண்ட் மட்டும் ஒன்பது வருஷமாக வந்துகொண்டிருக்கிறது. 175ஆகக் குறைக்க விண்ணப்பம் போட்டிருக்கிறோம். 90 சதவீதம் போட்டால் 157.5, ஆக 67.5 கே.வி.ஏ. குறைகிறது. 500 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 33,750, வருஷத்துக்கு 4 லட்சத்துக்கு மேல். எனக்குக் கொடுத்த பட்ஜெட்டைவிட அதிகம். செயலர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார், சென்சாரைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

ராத்திரி ரவுண்டுக்கு என்னைத் தனியாக விடவில்லை, வார்டனும் வந்தார். வாழை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. திறந்தால் உள்ளே அரை மூடித் தேங்காயும், எப்போதோ யாருக்கோ வெட்டிய பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டும். இரண்டு வருஷம் முன்னால் மாற்றலாகிப் போனவரின் ஃப்ரிட்ஜாம். அணைத்துவிட்டோம்.

ஹாஸ்டலுக்கு 95 ஃபேன், சுவர் ரெகுலேட்டர் மாடல், ஆர்டர் கொடுத்தாயிற்று. மிச்சத்தில் கூலர்களுக்கு டைமர். முதல்வருக்காக நுழைவாயிலில் ஒரே ஒரு சோலார் தெருவிளக்கு. போட்டோவுக்கு அது போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம் அண்ணாச்சி. கழற்றின பழைய ஃபேன்களை என்ன செய்வது? நல்லாத்தானே ஓடுது, ஸ்டோரில் வைக்கலாம் என்கிறார்கள்.

கிளாம்ப்மீட்டர்:

வைக்கவிடாதீர்கள் மேடம். ஸ்டோரில் வைத்தால் ஆறு மாதத்தில் கெஸ்ட் ஹவுஸில் சுற்றும், அடுத்த வருஷம் புது பிளாக்கில் சுற்றும். உள்ளே செம்பு இருக்கிறது, எடைக்கு நல்ல விலை போகும். மூன்று கொட்டேஷன் வாங்கி, புது ஃபேன் மாட்டுகிற அன்றைக்கே லாரியை வரச்சொல்லுங்கள்.