பாதி மாத்திரை

குழு: ராமசாமி தாத்தா வீடு

18 மே 2025, ஞாயிறு

காலை 7:12
பெரியம்மா: [படம்]
பெரியம்மா: இவர் காலைப் பாருங்க எல்லாரும். நேத்து ராஜகோபாலசாமி கோயில்ல பிரகாரம் சுத்திட்டு வந்தார். 11 மணி வெயில். ராத்திரி கால் கழுவும்போதுதான் பாத்தேன், ரெண்டு உள்ளங்கால்லயும் கொப்புளம். எனக்கு சுடவே இல்லியேங்கறார்

காலை 7:15
அத்தை: ஐயோ அண்ணி. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைச்சுப் போடுங்க, ரெண்டு நாள்ல காஞ்சிடும்

காலை 7:16
சுதா: அத்தை, எதையும் தடவ வேணாம். பெரியம்மா, கொப்புளத்த உடைச்சுடாதீங்க. சோப்புத் தண்ணியில மெதுவா கழுவி, ஒத்தி எடுத்துட்டு, சுத்தமான துணியால மூடி வைங்க. பெரியப்பா நடக்கக் கூடாது. இன்னிக்கே ஜி.எச். அவசரப் பிரிவுல காட்டணும்

காலை 7:16
சுதா: கொப்புளத்த விட, சுடலைன்னு சொன்னதுதான் எனக்கு பயமா இருக்கு. சுகர் ரொம்ப நாளா ஏறியே இருந்தா பாதத்துல நரம்பு மரத்துப் போயிடும்

காலை 7:21
ராணி சித்தி: மாமா, கடைசியா எப்ப ரத்தம் டெஸ்ட் எடுத்தீங்க

காலை 7:30
பெரியப்பா: பொங்கலுக்கு முன்னாடி. எனக்கு ஒண்ணும் இல்லம்மா. மாத்திரை போட்டுக்கிட்டுதான் இருக்கேன்

காலை 7:33
சுதா: பெரியப்பா, கோச்சுக்காம ஒண்ணு சொல்லுங்க. போன வாரம் எத்தனை நாள் மாத்திரை போடல?

காலை 8:20
பெரியம்மா: [படம்]
பெரியம்மா: பதில் சொல்லாம எழுந்து உள்ள போனார். அலமாரியில பாத்தேன். விபூதி டப்பால பாதி பாதியா உடைச்சு வச்சிருக்கார். எத்தனை மாசமா இதுன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறார்

காலை 8:22
கண்ணன் அண்ணா: அப்பா

காலை 8:22
கண்ணன் அண்ணா: ஏன்ப்பா

காலை 8:41
பெரியப்பா: யாழினிக்கு காலேஜ் சேர்க்கணும். நீ திருப்பூர்ல வாடகை கொடுத்து, எனக்கு மாசம் 6,000 அனுப்புற. அதுக்கு மேல கேக்க மனசு வரல. 15 நாள் மாத்திரைய வாங்கி 30 நாளுக்கு வச்சுக்கிட்டேன். பாதி போட்டா பாதியாவது வேலை செய்யும்னு நினைச்சேன்

காலை 8:43
கண்ணன் அண்ணா: எத்தனை மாசமா

காலை 8:44
பெரியப்பா: தீபாவளியில இருந்து

காலை 8:58
கண்ணன் அண்ணா: நான் வாரா வாரம் போன்ல கேட்டேனேப்பா. மாத்திரை போட்டீங்களான்னு

காலை 8:59
பெரியப்பா: போட்டேன்னுதானே சொன்னேன். பொய் இல்லயே

காலை 9:05
சுதா: அண்ணா, உன் தப்பு இல்ல. நான் ஆராய்ச்சிக்காக வீடு வீடா போய் கேக்கறப்ப முதல்ல கத்துக்கிட்டதே இதுதான். மாத்திரை போடறீங்களான்னு கேட்டா எல்லாரும் ஆமாம்னுதான் சொல்வாங்க. எத்தனை நாள் விட்டுப் போச்சுன்னு கேட்டாதான் வாங்க முடியாத கதை வெளிய வரும். ஊர்ல யார் யார்கிட்டயோ கேட்டேன். நம்ம வீட்டுல ஒரு தடவ கூட கேக்கல. அதுதான் மனசு அடிச்சுக்குது

காலை 9:10
பெரியம்மா: ஆட்டோ வந்துடுச்சு. ஜி.எச். கிளம்பறோம்

காலை 9:12
சுதா: சீட்டு, பழைய டெஸ்ட் ரிப்போர்ட், அந்த விபூதி டப்பா மூணையும் எடுத்துட்டுப் போங்க. டாக்டர்கிட்ட உடைச்சுப் போட்டத மறைக்காதீங்க. பாதி மாத்திரையிலதான் சுகர் இவ்வளவு இருக்குன்னு தெரியாம மருந்த இன்னும் கூட்டி எழுதிடுவாங்க

மதியம் 1:40
பெரியம்மா: கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. சுகர் பாத்தாங்க, 342. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட சுகர் ஓ.பி.க்கு வரச் சொன்னாங்க

மதியம் 2:05
பாலு அத்தான்: மாமா, இப்பதான் பாத்தேன். தஞ்சாவூர் டாக்டர் எழுதின சீட்ட போட்டோ எடுத்து போடுங்க. மாசச் செலவையும் சொல்லுங்க

மதியம் 2:26
பெரியம்மா: [படம்]
பெரியம்மா: டாக்டர் சொன்னபடி மாசம் முழுசுக்கும் செஞ்சா மருந்து 2,860. டாக்டர் ஃபீஸ் 400. ரத்த டெஸ்ட் 350. ரெண்டு பேருக்கு பஸ்ஸு 160. அங்க சாப்பாடு 120. எல்லாம் சேத்து 3,890 ஆவுது தம்பி

மதியம் 2:28
கண்ணன் அண்ணா: 6,000ல 3,890ஆ? மீதியில எப்படிம்மா ரெண்டு பேரும் சாப்பிடறது

மதியம் 2:40
பாலு அத்தான்: நான் 11 வருஷமா மருந்து கம்பெனி ரெப். இந்தச் சீட்டுல இருக்கறதுல ஒண்ணு எங்க கம்பெனி சரக்குதான். அதையும் சேத்தே சொல்றேன். இதுல எம்பாகிளிஃப்ளோசின்னு ஒண்ணு இருக்கு பாருங்க, உங்க பில்லுல பாதிக்கு மேல அதுதான். ஒரு மாத்திரை 60 ரூபா கிட்ட. அதோட காப்புரிமை போன மார்ச்ல முடிஞ்சுடுச்சு. இப்ப நிறைய கம்பெனி போடறாங்க, 10 ரூபாய்க்குக் கீழயே கிடைக்குது. அதே மருந்து

மதியம் 2:42
பெரியம்மா: மார்ச்சா? ரெண்டு மாசமா நாங்க பழைய விலைக்கா வாங்கறோம்?

மதியம் 2:47
பாலு அத்தான்: ஆமா அத்தை. சீட்டுல பிராண்ட் பேருதான் இருக்கு. கடைக்காரர் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார். இனிமே டாக்டர்கிட்ட மருந்தோட மூலப் பேரை எழுதச் சொல்லிக் கேளுங்க, கேக்கறது தப்பே இல்ல. மத்திய அரசோட மக்கள் மருந்தகம் இருக்கு. பிப்ரவரியில தமிழ்நாடு அரசு முதல்வர் மருந்தகம்னு 1,000 கடை திறந்தாங்க. அங்கெல்லாம் மூலப் பேரைச் சொன்னாதான் தேடி எடுக்க முடியும்

மதியம் 2:49
பாலு அத்தான்: இன்னொண்ணு மாமா. மெட்ஃபார்மின் பேரோட எஸ்.ஆர்.னு போட்டிருந்தா அது கொஞ்சம் கொஞ்சமா கரையற மாதிரி செஞ்சது. டாக்டர் சொல்லாம அதை உடைக்கக் கூடாது

மாலை 4:15
அத்தை: நான் ஒண்ணு சொல்லலாமா. எங்க தெருவுல ஒருத்தர் சிறுகுறிஞ்சான் பொடி மட்டும்தான் சாப்பிடறார். மாத்திரையே இல்லியாம். அண்ணனுக்கு அரை கிலோ வாங்கி வச்சிருக்கேன், செலவும் கம்மி

மாலை 4:31
சுதா: அத்தை, நீங்க அண்ணன் மேல இருக்கற பாசத்துல சொல்றீங்க. சிறுகுறிஞ்சானுக்கு சுகரைக் குறைக்கற குணம் கொஞ்சம் உண்டுதான். ஆனா மாத்திரைய விட்டுட்டு அதை மட்டும் நம்பற நிலைமையில இப்ப பெரியப்பா இல்ல. ரெண்டையும் சேத்து சாப்பிட்டா சுகர் சட்டுனு இறங்கி மயக்கம் வரலாம். டாக்டரக் கேக்காம கொடுத்துடாதீங்க

மாலை 4:33
அத்தை: சரிடா கண்ணு. கேட்டுட்டே செய்யலாம்

மாலை 5:02
பெரியப்பா: எல்லாருக்கும் தொந்தரவு கொடுத்துட்டேன்

மாலை 5:10
சுதா: தொந்தரவு இல்ல பெரியப்பா. நீங்க செஞ்சத இந்த நாட்டுல எத்தனையோ வீட்டுல செய்யறாங்க. 2023ல ஐ.சி.எம்.ஆர்.ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு வந்துச்சு, நாட்டுல 10 கோடியே 10 லட்சம் பேருக்கு சுகர். சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரனோட குழு 2007ல ஒரு செலவுக் கணக்கு வெளியிட்டாங்க. நகரத்து ஏழை வீட்டுல வருமானத்துல 34 சதவீதம், கிராமத்து ஏழை வீட்டுல 27 சதவீதம் சுகருக்கே போவுதுன்னு. உங்க கணக்கு அதையும் தாண்டிடுச்சு. நீங்க உடைச்சது மாத்திரைய இல்ல, அந்த பில்லத்தான் உடைக்கப் பாத்தீங்க

மாலை 5:14
கண்ணன் அண்ணா: நம்மகிட்ட முதலமைச்சர் காப்பீடு கார்டு இருக்கே. அதுல வராதா

மாலை 5:20
சுதா: அங்கதான்ணா எனக்கு ஆறவே மாட்டேங்குது. அது ஆஸ்பத்திரியில சேந்து பாக்கற வைத்தியத்துக்கு. வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. மாசா மாசம் கடையில வாங்கற மாத்திரைக்கு அதுல இடம் இல்ல. மத்திய அரசோட ஆயுஷ்மான் திட்டமும் அப்படித்தான். கால் புண்ணு முத்தி படுத்தா பணம் வரும். படுக்காம இருக்க வேண்டிய மாத்திரைக்கு வராது. என் ஆராய்ச்சியே இந்த இடத்தப் பத்திதான்

மாலை 5:31
ராணி சித்தி: காப்பீட்டுல வராது, ஆனா சும்மாவே கிடைக்குதே சுதா. அதை ஏன் யாரும் பேச மாட்டேங்கறீங்க? நான் 3 வருஷமா தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல தன்னார்வலரா இருக்கேன். தினம் பைய மாட்டிக்கிட்டு வீடு வீடா போறேன். பிரஷர் பாக்கறோம், விரல்ல குத்தி சுகர் பாக்கறோம், மாசத்துக்கு வேண்டிய மாத்திரைய கையில கொடுக்கறோம். மாமா வீடு மட்டும் என் ஏரியாவுல இல்ல. நானும் பிரைவேட்ல பாக்கறாங்களேன்னு பேசாம இருந்துட்டேன்

மாலை 5:36
பெரியப்பா: ஜி.எச். மாத்திரை வேலை செய்யாதுன்னு சொல்றாங்களே ராணி

மாலை 5:44
ராணி சித்தி: யார் சொன்னா மாமா. என் பையில இருந்து வாங்கிப் போட்டு சுகர் இறங்கினவங்களை வரிசையா காட்டட்டுமா

மாலை 5:50
சுதா: பெரியப்பா, அந்த மருந்தெல்லாம் 1994ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமா வாங்கறது. லேப்ல தரம் பாத்துட்டுதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க. இந்த முறையப் பாத்து மத்த மாநிலங்களும் கழகம் ஆரம்பிச்சாங்க. மட்டமான மருந்துன்னு நினைக்காதீங்க

மாலை 5:58
ராணி சித்தி: உள்ளதையும் சொல்லிடறேன் மாமா. எல்லா மருந்தும் எங்க பையில வராது. சீட்டுல இருக்கற அந்த 60 ரூபா மாத்திரை எங்ககிட்ட கிடையாது. ஆனா மெட்ஃபார்மின், பிரஷர் மாத்திரை எல்லாம் உண்டு. சில சமயம் ஸ்டாக் லேட்டாவும். அப்ப மக்கள் மூஞ்சியப் பாக்கவே எனக்குக் கஷ்டமா இருக்கும். ஒரு வாரம் விட்டுப் போனா சிலர் அப்படியே நிறுத்திடறாங்க

19 மே 2025, திங்கள்

மதியம் 12:50
பெரியம்மா: சுகர் ஓ.பி.ல 4 மணி நேரம் ஆச்சு. கூட்டம். ஆனா டாக்டரம்மா பொறுமையா பாத்தாங்க. மூணு மாச சராசரி டெஸ்ட் 10.4ன்னு வந்திருக்கு. ஒரு நைலான் கம்பிய வச்சு பாதத்துல தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. பாதி இடத்துல இவருக்குத் தெரியல. கண்ணு டெஸ்டும் எடுக்கணும்னாங்க. புண்ணு ஆறணும்னா இன்சுலின்தான்னு சொல்லிட்டாங்க

மதியம் 12:53
பெரியப்பா: இன்சுலின் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது கடைசி கட்டத்துல போடறது. எங்க அப்பாவுக்கு அதப் போட்டு ஆறே மாசத்துல போயிட்டார்

மதியம் 1:30
கண்ணன் அண்ணா: அப்பா ப்ளீஸ்ப்பா

மதியம் 2:10
சுதா: பெரியப்பா, தாத்தாவுக்கு எல்லாம் முத்தினப்புறம் போட்டாங்க. அதனால ஊசி போட்டதும் போனார்னு நம்ம மனசுல நின்னுடுச்சு. உங்களுக்கு இப்ப போட்டா சீக்கிரம் போடறதுன்னு அர்த்தம். இங்கிலாந்துல நடந்த பெரிய ஆய்வுல அந்த மூணு மாச சராசரி 1 புள்ளி குறைவா இருந்தவங்களுக்கு கண்ணு, கிட்னி மாதிரி சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு 37 சதவீதம் கம்மியா இருந்துச்சு. 10.4ல இருந்து இறங்க இறங்க லாபம்தான்

மதியம் 2:14
சுதா: இன்சுலினக் கண்டுபிடிச்ச பாண்டிங், பெஸ்ட், காலிப் மூணு பேரும் 1923ல அந்த உரிமைய டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க. எல்லாருக்கும் கிடைக்கணும்னு. அந்த மருந்து இன்னிக்கு மன்னார்குடி ஜி.எச்.ல காசில்லாம உங்க கைக்கு வருது. வேணாம்னு சொல்லாதீங்க

மதியம் 2:40
யாழினி: தாத்தா, எனக்கு காலேஜ்ல சேத்துவிட நீங்கதான் வரணும். நடந்து வரணும்

மாலை 6:05
பெரியப்பா: நாளைக்குப் போய் வாங்கிக்கறேன்

20 மே 2025, செவ்வாய்

காலை 11:32
பெரியம்மா: வாங்கியாச்சு. 2 பாட்டில், சிரிஞ்சு. நர்சம்மா எனக்குப் போடக் கத்துக் கொடுத்தாங்க. கை நடுங்குது

காலை 11:40
பாலு அத்தான்: அத்தை, சிரிஞ்சு தொப்பி என்ன நிறம்? பாட்டில்ல 40னு போட்டிருக்கா, 100னு போட்டிருக்கா? ரெண்டும் பொருந்தணும். 40க்கு சிவப்புத் தொப்பி, 100க்கு ஆரஞ்சு. 100 பாட்டில் மருந்தை சிவப்புத் தொப்பி ஊசியில எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும். பாட்டிலை ஃபிரிட்ஜ் கதவுல வைங்க, ஃப்ரீசர்ல வேணாம்

காலை 11:47
பெரியம்மா: [படம்]
பெரியம்மா: 40. சிவப்பு

காலை 11:48
பாலு அத்தான்: சரியா இருக்கு

இரவு 9:15
கண்ணன் அண்ணா: சுதா, ஒண்ணு கேக்கணும். அப்பா இத விட்டுடாம இருக்க என்ன பண்ணலாம்? நான் போன் பண்ணா ம்னுடுவார்

இரவு 9:28
சுதா: இதையே சோதிச்சுப் பாத்திருக்காங்கண்ணா. கார்ஸ்னு ஒரு ஆய்வு, 2016ல வந்துச்சு. இந்தியா, பாகிஸ்தான்ல 10 கிளினிக், 1,146 பேர். புது மருந்து எதுவும் இல்ல. நோயாளியத் தொடர்ந்து விசாரிக்க ஒரு ஆளு, டாக்டருக்கு அடுத்து என்ன செய்யலாம்னு காட்டற ஒரு கம்ப்யூட்டர் பதிவு. அவ்வளவுதான். சுகரோட பிரஷரோ கொழுப்போ சேந்து கட்டுக்குள்ள வந்தது அந்தப் பக்கம் 100க்கு 18 பேருக்கு. வழக்கமான வைத்தியத்துல 8 பேருக்கு

இரவு 9:31
சுதா: 18ன்னா கம்மிதான், எனக்கும் தெரியும். ஆனா 2020ல தமிழ்நாட்டுல எடுத்த கணக்குல சுகர் உள்ளவங்கள்ல 10.8 சதவீதம் பேருக்குத்தான் சுகர் கட்டுக்குள்ள இருந்துச்சு. ராணி சித்தி மாதிரி ஒருத்தர் கதவத் தட்டறதுக்கு எவ்வளவு மதிப்புன்னு இதுலயே தெரியுது. அவங்களுக்குக் கொடுக்கற ஊக்கத்தொகைய முதல்ல கூட்டணும்

இரவு 9:36
ராணி சித்தி: இதை எழுதி மேல அனுப்பு சுதா

இரவு 9:37
சுதா: எழுதிக்கிட்டுதான் இருக்கேன் சித்தி

இரவு 9:44
யாழினி: தாத்தாவ விசாரிக்கற ஆளு நான். தினமும் ராத்திரி வீடியோ கால். போட்டீங்களான்னு கேக்க மாட்டேன், என்னைக்கு விட்டீங்கன்னுதான் கேப்பேன். காலையும் காட்டணும்

25 மே 2025, ஞாயிறு

இரவு 8:32
யாழினி: இந்த வாரம் ஒரு நாள் விட்டிருக்கார். வியாழன் ராத்திரி. கல்யாணத்துக்குப் போயிருந்தாங்களாம். தாத்தாவே சொன்னார்

இரவு 8:40
பெரியப்பா: சொல்லிட்டேன்

இரவு 8:46
ராணி சித்தி: நல்லது மாமா. செவ்வாக்கிழமை கட்டு மாத்தற நாள். உங்க ஏரியா தன்னார்வலர்கிட்ட பேசிட்டேன், புதன்கிழமை வீட்டுக்கு வருவாங்க. பழைய சீட்டை எடுத்து வைங்க

இரவு 8:49
பெரியம்மா: கண்ணா, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுக்கு மட்டும் 200 அனுப்பு. வேற எதுவும் வேணாம்